எரிவாயு அடுப்பில் கிழங்கு சுடுவோமா?

சென்ற புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பழைய தோட்டத்து மக்கள் கிள்ளானில் ஒன்றுகூடினோம். அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயங்கள் நின்ற இடத்தில் இரண்டு மாடி வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டம் போனாலும் சொந்தம் போய்விடுமா? ஆண்டுக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இந்த முறை என் அண்ணன் மகன் வீடு. அவன் புதிதாக ஒரு பார்பெக்யூ அடுப்பு வாங்கியிருந்தான். கரி போட்டு ஊதும் அடுப்பு அல்ல. எரிவாயுத் தோம்பில் இணைத்து, குமிழைத் திருகினால் எரியும் அடுப்பு. மூன்று பர்னர், மேலே கம்பித் தட்டு, அதற்கு மேல் ஒரு மூடி.

புரட்டாசி மாதமாயிற்றே! கோழிக்கும் ஆட்டுக்கும் இடமில்லை. காலையிலேயே மேரு சந்தைக்குப் போய் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், வெண்டிக்காய், சோளம், சர்க்கரைவள்ளி எல்லாம் வாங்கி வந்தோம். "மாமா, நீங்களே சுடுங்க" என்று அண்ணன் மருமகள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டாள். பிள்ளைகளுக்கு நாள் முழுதும் பாடம் நடத்துகிறவனுக்கு நாலு கிழங்கைச் சுடத் தெரியாதா என்ற தெம்பில் நானும் களத்தில் இறங்கினேன்.

மூன்று பர்னரையும் முழுதாகத் திறந்தேன். கிழங்கைத் தடித்த வில்லைகளாக நறுக்கி, மிளகாய்த்தூளும் எண்ணெயும் பிசறித் தட்டு நிறைய அடுக்கினேன். பத்து நிமிடத்தில் புகை கிளம்பியது. பதினைந்து நிமிடத்தில் கிழங்கெல்லாம் கரி. ஒரு சிறுவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். 'நறுக்' என்று ஒரு சத்தம். உள்ளே பச்சைக் கிழங்கு!

ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் சிரித்துவிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கை. "கிழங்கைக் கொளுத்திப்புட்டியே வாத்தியாரே! எரியுற நெருப்புல போட்டா வேகுமா? சாம்பல்ல புதைக்கணும்யா. சின்னப் பிள்ளையில நீ தின்னதெல்லாம் மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. ஆனால் அந்த அடுப்புக்கும் இந்த அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். சம்பந்தம் நிறைய இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

சாம்பல் அடுப்பு சொன்ன பாடம்

லயத்து வீட்டில் எங்களுக்கு ரப்பர் விறகு அடுப்பு. ரப்பர் மரத்தை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்போது விறகுக்குப் பஞ்சமே இருக்காது. காலைச் சமையல் முடிந்ததும் அம்மா வெட்டுக்குப் போய்விடுவார். என்னைவிட எட்டு வயது மூத்த அக்காதான் தணிந்த அடுப்பைக் கிளறி, சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்து வைப்பாள். பள்ளி விட்டு வந்ததும் சாம்பலைத் தட்டித் தோலை உரித்து ஊதி ஊதிக் கொடுப்பாள். தேன் தோற்றுவிடும்.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. கிழங்கின் உள்சூடு 60 முதல் 75 பாகை வரை இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏறினால் செயலிழந்துவிடும். சாம்பலுக்குள் கிழங்கு மெல்ல மெல்லச் சூடேறுவதால் அந்த நொதிக்கு நேரம் கிடைக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நேரம் கிடைப்பதில்லை. உருளைக்கிழங்கில் இந்த வேலை அவ்வளவாக நடக்காது. ஆனால் மெதுவாக வேகவேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தும். கிழங்கின் சதைக்குள் சூடு நத்தை வேகத்தில்தான் நகரும். வெளியே எவ்வளவு பெரிய தீயை வைத்தாலும் உள்ளே சீக்கிரம் போய்ச் சேராது. வெளியே கருகியதுதான் மிச்சம்.

சாம்பல் செய்த வேலை இதுதான்: நெருப்பு கிழங்கைத் தொடாமல் தடுத்து, சூட்டை மட்டும் நாலா பக்கமும் சீராகக் கொடுத்தது. எரிவாயு அடுப்பிலும் இதையே செய்யலாம். ஒரு பக்கப் பர்னரை மட்டும் ஏற்றி, எரியாத பக்கத்தில் கிழங்கை வைத்து, மூடியை மூடிவிட்டால் போதும். சூடான காற்று உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கிழங்கை வேகவைக்கும். மூடிதான் நம் சாம்பல்!

கிழங்கு என்றதும் பெரியவர்களுக்கு இன்னொரு நினைவும் வரும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இந்த நாட்டுக்குள் நுழைந்தார்கள். 1945 வரை நீடித்த அந்த ஆட்சியில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோனது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்தன. சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வீடுகளில், பின்தங்கிய பெண்களும் பிள்ளைகளும் கிழங்கைத் தின்றே நாளைக் கடத்தினார்கள். அதனால்தான் சில தாத்தா பாட்டிமார் மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

மரவள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு, தோலில் அதிகம். கசப்பு மரவள்ளியில் இன்னும் அதிகம். ஆகவே பச்சைக் கிழங்கை நேராகக் கம்பித் தட்டில் வைக்காதீர்கள். தோலைத் தடிமனாகச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு சுடுங்கள். கசந்தால் யோசிக்காமல் தூர எறியுங்கள்.

உருளைக்கிழங்கு சுடும் முறை

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிர். குளிர் வேண்டும். அதனால்தான் கிள்ளான் மண்ணில் மரவள்ளி வளர்ந்த அளவுக்கு இது வளரவில்லை. நம் கடைகளில் விற்பது அநேகமாக எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவதே. வாங்கும்போது முளைவிட்டதையும் பச்சை நிறம் பாய்ந்ததையும் தவிர்த்துவிடுங்கள். பச்சை நிறம் வெயில் பட்டதன் அடையாளம். அத்தகைய கிழங்கில் சோலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும். சமைத்தாலும் அது போகாது. வீட்டில் இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் பச்சை பாயாது.

ஐந்தாறு பேருக்கு வேண்டியவை: நடுத்தர உருளைக்கிழங்கு 1 கிலோ, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் ½ தேக்கரண்டி, பொடித்த சோம்பு 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து, உப்பு.

கிழங்கைத் தோலோடு நன்றாகத் தேய்த்துக் கழுவி, நான்காக வெட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டு, 1 தேக்கரண்டி உப்புச் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்தபின் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். ஈர்க்குச்சியால் குத்தினால் சற்று முரண்டு பிடித்து உள்ளே இறங்க வேண்டும். அதுதான் முக்கால் பதம். குழைந்துவிட்டால் கம்பிக்கு இடையில் கொட்டிவிடும்.

தண்ணீரை வடித்துவிட்டு, ஐந்து நிமிடம் அப்படியே ஆவி போக விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிடுவதால்தான் பலருக்குக் கிழங்கு மொறுமொறுப்பாக வருவதில்லை. ஈரம் இருக்கும் வரை கிழங்கின் மேற்புறம் 100 பாகையைத் தாண்டாது. பொன்னிறமும் வாசனையும் வருவதற்கு அதற்கு மேல் நல்ல சூடு வேண்டும். 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டறிந்து சொன்ன மாற்றம் இது. ரொட்டியின் மேல் பொன்னிறம் படிவதும் இதனால்தான். ஆவி போனபின் பாத்திரத்தை மூடி இரண்டு குலுக்குக் குலுக்குங்கள். ஓரங்கள் சொரசொரப்பாகும், மசாலா நன்றாக ஒட்டும். பிறகு எண்ணெயையும் தூள்களையும் பிசறுங்கள். எண்ணெயைக் கம்பித் தட்டில் ஊற்றக்கூடாது. அது பர்னரில் சொட்டித் தீ மேலே எழும்பும்.

இனி அடுப்பு. மூன்று பர்னரையும் ஏற்றி, மூடியை மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு ஓரத்துப் பர்னர் ஒன்றை மட்டும் எரியவிட்டு, மற்ற இரண்டையும் அணைத்துவிடுங்கள். கிழங்கை அணைத்த பக்கத்தில் அடுக்கி மூடுங்கள். பதினைந்து முதல் இருபது நிமிடம். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். திறக்கும்போதெல்லாம் சூடு வெளியேறிவிடும். கடைசியாக எரியும் பக்கத்துக்கு நகர்த்தி, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டிக் கறிவேப்பிலையைத் தூவி இறக்குங்கள். அடுப்பில் பொறுமையாக இருந்தவர்கள் இலையிலும் பொறுமையாக இருக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா? உள்சூடு வாயைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுங்கள்.

நிறம் பொன்னிறத்தோடு நிற்கட்டும். மாவுச்சத்துள்ள பொருள்களைக் கடும் சூட்டில் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடுகிறது. ஆகவே கருகியதை, 'வீணாகிறதே' என்று தின்ன வேண்டாம்.

மற்றக் காய்கறிகள்

கத்தரிக்காய்க்குச் சாம்பல் முறை வேண்டாம். நேர் நெருப்பே நல்லது. பெரிய கத்தரிக்காயில் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். குத்தாவிட்டால் உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும். எரியும் பர்னருக்கு மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பதினைந்து, இருபது நிமிடம் சுட்டால் தோல் கருகிச் சதை தளர்ந்துவிடும். ஆறியதும் தோலை உரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்துத் தாளித்தால், சிதம்பரம் பக்கத்துக் கொத்சுவின் தம்பி தயார். சோற்றுக்கும் தோசைக்கும் ஏற்றது.

வெண்டிக்காயைத் தண்ணீரில் வேகவைத்தால் வழவழப்பு. நெருப்பில் வாட்டினால் அது குறைந்துவிடும். சாத்தே குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முழுக் காய்களை வரிசையாகக் கோத்து, எண்ணெயும் உப்பும் தடவி, எட்டு நிமிடம் வாட்டுங்கள். இரண்டு குச்சியில் ஏணிபோல் கோத்தால் திருப்பும்போது காய் சுழலாது. காய்கறி என்றாலே மூக்கைப் பிடிக்கும் பிள்ளைகள்கூட, குச்சியில் கோத்துக் கொடுத்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை அன்று என் கண்ணால் கண்டேன்.

சோளத்தை மேல் தோலோடு பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, அப்படியே இருபது நிமிடம் வையுங்கள். தோலுக்குள் ஆவியில் வெந்துவிடும். கடைசி ஐந்து நிமிடம் உரித்துவிட்டு வாட்டினால் வாசனை வரும். சர்க்கரைவள்ளியை வெட்டாமல் முழுதாக, எரியாத பக்கத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். பூசணி, குடைமிளகாய், பெரிய வெங்காயம் எல்லாம் தடித்த வில்லைகளாக வெட்டிப் பத்து நிமிடம் வாட்டினால் போதும்.

சின்னச் சின்னத் துண்டுகள் கம்பி வழியே விழுகின்றனவா? வாழை இலையில் பொட்டலம் கட்டுங்கள். அலுமினியத் தாளும் ஆகும். ஆனால் புளி, தக்காளி, எலுமிச்சை சேர்த்ததை அதில் சுற்றாதீர்கள். புளிப்பு, தாளை அரித்து உணவில் கலக்கும். வாழை இலைக்கு அந்தக் குறை இல்லை; மணம் வேறு கூடுதல்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இந்த அடுப்பை வீட்டுக்குள்ளோ, நடைபாதையிலோ, பால்கனியிலோ வைக்கவே கூடாது. நெருப்பு ஒரு பக்கம். அடைத்த இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையில்லாத நச்சு வாயு இன்னொரு பக்கம். அவர்களுக்குத் தோசைக்கல் இருக்கிறது. முக்கால் பதம் வெந்த கிழங்கைச் சிறு தீயில் கல்லில் பரப்பி, மூடி போட்டு வாட்டினால் முக்கால் ருசி கிடைத்துவிடும்.

எரிவாயுவோடு எச்சரிக்கை

விறகு அடுப்பில் நம் தாய்மார்கள் கண்ணையும் நெஞ்சையும் புகைக்குக் கொடுத்தார்கள். எரிவாயு அந்தத் துன்பத்தைப் போக்கியது உண்மை. ஆனால் விறகு, ஆபத்தைப் புகையாகக் காட்டும். எரிவாயு காட்டாது. தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். அந்த வாயுவுக்கு இயற்கையில் வாசனை இல்லை. நமக்குத் தெரியவேண்டும் என்றுதான் நாற்றமுள்ள ஒரு பொருளை அதில் கலந்திருக்கிறார்கள்.

தோம்பை எப்போதும் நிமிர்த்தி, சமதரையில் வையுங்கள். குழாய் இணைப்பில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கிழித்துச் சோதிக்கும் அசட்டுத் தைரியம் வேண்டாம். ரப்பர்க் குழாயில் வெடிப்பு கண்டால் அன்றே மாற்றுங்கள். வெடிப்பு தெரியாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது பாதுகாப்பு. வீட்டு அடுப்புக்குக் குறைந்த அழுத்த ரெகுலேட்டர்தான் பொருந்தும். அங்காடிக்காரர்கள் பெரிய அடுப்புக்கு வைக்கும் உயர் அழுத்த ரெகுலேட்டரை இரவல் வாங்கி மாட்டாதீர்கள்.

மிக முக்கியமான ஒன்று: அடுப்பைப் பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். மூடிய அடுப்புக்குள் வாயு நிறைந்து, பிறகு பொறி பட்டால் முகத்தில் வெடிக்கும். முதல் முயற்சியில் பற்றவில்லையா? குமிழை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து பிறகு முயலுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து கரி பிடித்தால் காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். பல நாள் சும்மா கிடந்த அடுப்பின் குழாயில் சிலந்தி கூடு கட்டுவது உண்டு. சுத்தம் செய்த பிறகே ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் முதலில் தோம்பை அடைத்து, பிறகு குமிழ்களை அடையுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். வீட்டு உபயோகத்துக்கு அரசாங்கம் கட்டுப்படுத்திய விலை கிலோ 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. கொண்டுவந்து தரும் கூலி தனி. ஒரு கிலோ எரிவாயு ஏறக்குறைய 12½ கிலோவாட் மணி வெப்பம் தரும். பர்னர் ஒன்று 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பர்னர் 10 நிமிடம், பிறகு ஒன்று மட்டும் 25 நிமிடம் எரிந்தால் மொத்தம் 2¾ கிலோவாட் மணி. கால் கிலோ வாயுகூடச் செலவாகாது. 50 காசுக்குள் அடங்கிவிடும். நான் செய்ததுபோல் மூன்றையும் முழுதாகத் திறந்து கரியாக்கினால், வாயுவும் நட்டம், கிழங்கும் நட்டம்!

அக்கா வைத்துவிட்ட கிழங்கு

பெரியம்மா சொன்னபடி இரண்டாவது முறை செய்தபோது கிழங்கு பொன்போல் வந்தது. எல்லோருக்கும் முன்னால் அக்காவுக்கு ஒரு துண்டை எடுத்துப்போய் நீட்டினேன். சாம்பலைத் தட்டி ஊதி ஊதி எனக்கு ஊட்டிய கை அல்லவா? அக்கா வாங்கினாள். சூட்டைக் கை மாற்றிக்கொண்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டாள்.

"எனக்கு ஆகாது தம்பி. கெழங்கு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நீ சாப்பிடு."

அக்காவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்ற இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று இந்த இரண்டு ஆண்டில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அந்தப் பந்தியில் இருபது வகைப் பண்டம் இருந்தும், அவள் தட்டில் கொஞ்சம் சோறும் ஒரு கரண்டிக் கூட்டும்தான். அதைக்கூட நான் அன்றுதான் கவனித்தேன்.

இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டார்கள். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நூற்றுக்கு 31.4. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர்! புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே காரணம். நம் ஒன்றுகூடல்களில் இருபது பேர் பந்தியில் உட்கார்ந்தால், அவர்களில் சிலர் வாய்விட்டுச் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைக்கிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோறும் வைத்து, கிழங்குப் பொரியலும் வைத்தால் மாவின் மேல் மாவு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு செபாரோ' முறைப்படி, தட்டில் கால் பங்கு சோறு அல்லது கிழங்கு, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்றவை, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் இருக்கட்டும். சுட்ட கத்தரிக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் தட்டில் நிறையவே இடம் உண்டு.

சிறுநீரக நோயாளிக்குச் சங்கடம் வேறு. கிழங்கில் பொட்டாசியம் அதிகம்; 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் சுமார் 400 மில்லிகிராம் உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்கு ஆபத்தாகும். தோலோடு சுட்ட கிழங்கில் பொட்டாசியம் அப்படியே தங்கிவிடுகிறது. ஆசையாக நான் நீட்டியது அவளுக்கு மிகவும் ஆகாத ஒன்று!

அடுத்த வாரம் அக்காவோடு நானும் சிகிச்சைக்குப் போய், அங்கே உணவியல் நிபுணரிடம் விசாரித்தேன். கிழங்கைத் தோல் சீவி, சிறு கட்டங்களாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீரோடு போய்விடும். வேகவைக்காமல் வெறுமனே ஊறவைத்தால் பெரிய பயன் இல்லை. அதன் பிறகும் எவ்வளவு சாப்பிடலாம் என்பது அவரவர் இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. ஒருவருக்குச் சொன்ன அளவை மற்றவர் பின்பற்றக் கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் உப்பே கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அக்காவின் பரிசோதனை முடிவைப் பார்த்து, எப்போதாவது ஒரு நாள், ஒரு கைப்பிடிக்கும் குறைவாகச் சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த ஞாயிறு அண்ணன் மகன் வீட்டில் மறுபடியும் அடுப்பை ஏற்றினேன். வேகவைத்து வடித்த சிறு துண்டுகளைக் கம்பியில் விழாமல் வாழை இலையில் பரப்பி, உப்பில்லாமல், கொஞ்சம் மிளகும் பூண்டும் தடவி வாட்டினேன். எண்ணி நாலு துண்டு.

அக்கா ஒன்றை வாயில் போட்டு மென்றாள். நான் ஆவலாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தெல்லாம் தண்ணியில போயிருச்சுடா. சப்புனு இருக்கு" என்றாள். பிறகு இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். நாலாவதை ஊதி ஊதி ஆற்றி என் வாயில் வைத்தாள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! தீபாவளி வருகிறது; பிறந்தநாள் வருகிறது; பழைய தோட்டத்துச் சொந்தங்கள் கூடும் நாள் வருகிறது. அடுப்பை ஏற்றுவதற்கு முன், பந்தியில் உட்காரப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்களுக்கு எது ஆகும்? எது ஆகாது?" அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டபின், ஒரு பர்னரை மட்டும் ஏற்றிப் பொறுமையாகச் சுடுங்கள்.